தராசில் குறைகிற எடை

கேள்வி: கண்ணுக்கே தெரியாத கரும்பொருளை ஹிக்ஸ் துகளை வைத்துப் பிடிக்கப் பார்க்கிறார்களாமே, எப்படி?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: உங்கள் ஊரில் பட்டும் ஜரிகையும் எடை போட்டுத்தான் தறிக்குப் போகும், நெய்து வந்த புடவையும் தராசில் ஏறும். குறைந்தால் கேள்வி வரும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்திலும் ஏறக்குறைய அதே கணக்குதான். புரோட்டான்கள் மோதிச் சிதறும்போது பக்கவாட்டு உந்தங்களைக் கூட்டினால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று கருவிக்குச் சிக்காமல் நழுவியிருக்கிறது. நியூட்ரினோ என்ற துகளும் அப்படி நழுவும் என்பதால், அதன் பங்கைக் கழிப்பதற்குள் ஆய்வாளர்களுக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஹிக்ஸின் நிறை சுமார் 125 கிகா எலக்ட்ரான் வோல்ட். கரும்பொருள் துகள் அதில் பாதிக்கும் குறைவாக இருந்து, ஹிக்ஸோடு உறவும் இருந்தால், ஹிக்ஸ் அத்தகைய இரண்டு துகள்களாகச் சிதைந்து மாயமாகலாம்; அப்போதும் உந்தக் கணக்கு உதைக்கும். ஹிக்ஸ் அகப்பட்டதே 2012இல்தான்; ஆனால் மாயமாகும் ஹிக்ஸை செர்னின் எல்.எச்.சி. மோதுகருவியில் தேடும் வழியை தேபஜ்யோதி சௌத்ரியும் மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தின் டி.பி. ராயும் 1994லேயே எழுதிவிட்டார்கள்! இன்று அங்கே ஆய்வு செய்யும் சி.எம்.எஸ். குழுவில் சென்னை ஐஐடியும் இருக்கிறது.

இதுவரை கரும்பொருள் சிக்கவில்லை. மாயமாகும் பங்கு நூற்றுக்குச் சுமார் 11ஐத் தாண்டாது என்பது அங்குள்ள இன்னொரு குழுவான அட்லஸின் 2023 முடிவு. வழக்கமான கோட்பாட்டின்படி நியூட்ரினோக்களாக மறைவதோ ஆயிரத்தில் ஒன்றுதான். தேட இன்னும் நிறைய இடம் பாக்கி.