காபரேற்றரில் எரிபொருள் பெருகுதல்

ஏறாவூருக்கு ஒருபுறம் மட்டக்களப்பு வாவி. மறுபுறம் புன்னைக்குடாக் கடல். மீன்பிடிப் படகிற் பொருத்திய வெளியிணைப்பு இயந்திரம், காபரேற்றரைக் கழற்றித் துப்புரவு செய்த மறுநாளே கிளம்ப மறுப்பதுண்டு. கயிற்றை இழுக்க இழுக்கப் பெற்றோல் வழிகின்றது, பிளக் நனைகின்றது. கரையில் நேர்ந்தால் ஒருநாள் உழைப்பே போகும். நடுக்கடலில் நேர்ந்தால் உயிருக்கே இடர். ஆதலின் இதன் காரணத்தை ஆராய்வோம்.

ஒரு பங்கு நிறைப் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 பங்கு நிறைக் காற்று வேண்டும். இவ்விரண்டையும் அளவறிந்து கலப்பதே காபரேற்றரின் தொழில். ஜெர்மானியப் பொறியியலாளர் வில்ஹெல்ம் மைபாக் 1893இல் அமைத்த தெளிகுழல் முறையே இதற்கு அடிப்படை. இதன் கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. வீட்டு நீர்த்தொட்டியில் நீர் நிரம்பியதும் மிதவை குழாயை அடைப்பது போலவே, இங்கும் மிதவை உயர்ந்து ஊசியைத் தள்ளி எரிபொருள் வரும் துவாரத்தை அடைக்கின்றது. ஊசி அடையாவிடின் பெற்றோல் கிண்ணத்தைக் கடந்து இயந்திரத்தினுட் பெருகும். மிகுந்த கலவையிலே தீப்பொறி பற்றாது.

நேற்றுவரை ஓடிய இயந்திரம் திருத்தியபின் பெருகுமாயின், நேற்றுக் கைபட்ட உறுப்பையே முதலில் ஐயுறல் வேண்டும். ஒன்று, ஊசியின் இருக்கையில் மணலோ துணி நூலோ தங்கியிருக்கலாம். இரண்டு, இருக்கையின் அடியிலுள்ள வளையம் விடுபட்டிருக்கலாம். மூன்று, மிதவையின் நாக்கு வளைந்து அதன் உயரம் மாறியிருக்கலாம். நான்கு, மிதவை துளைபட்டு எரிபொருளை உள்வாங்கியிருக்கலாம். இவையன்றி, காற்றடைப்பான் மூடியபடியே நின்றுவிடுதலும் உண்டு.

சோதிக்கும் முறை எளிது. குழாயிலுள்ள இரப்பர்ப் பம்பைக் கையால் அமுக்குக. அது இறுகி நின்றால் ஊசி அடைக்கின்றது. இறுகாது பெற்றோல் வாய்வழியே வழிந்தால் அடைக்கவில்லை. மிதவையைக் காதருகே ஆட்டித் திரவ ஒலி கேட்கின்றதா எனப் பார்க்க. அதன் உயரத்தை, இயந்திரத்தோடு வந்த கைந்நூல் கூறும் அளவோடு ஒப்பிடுக.

பெருகிய இயந்திரத்தை உலர்த்துகையில் மிகுந்த அவதானம் வேண்டும். பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. படகின் அடியிலே தங்கும். எரிபொருட் குழாயைக் கழற்றி, தீப்பொறியை நிறுத்தும் ஆளியை நிறுத்தி, பிளக்கை அகற்றி, காற்றுவழியை முற்றத் திறந்து, கயிற்றைப் பலமுறை இழுக்க. வழிந்ததைத் துடைத்து, ஆவி நீங்கிய பின்னரே மீண்டும் கிளப்புக. அருகிற் புகைத்தல் ஆகாது.

பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரங்களில் வேறொரு மயக்கமும் உண்டு. நிறுத்துமுன் பெற்றோலுக்கு மாற்றாவிடின், கிண்ணத்தில் எஞ்சிய மண்ணெண்ணெய் மறுநாட் பிளக்கை நனைக்கும். இது ஊசியின் குற்றமன்று. காபரேற்றர் பூட்டிய நீர் மோட்டார்வண்டிகள் பலவற்றில், கவிழ்ந்தாலும் குலுங்கினாலும் தொழிற்படும்படி, மிதவைக்குப் பதிலாக மெல்லிய இரப்பர்த் தகடு அமைந்துள்ளது. அங்கே ஊசியைத் தாங்கும் வில்லையும் தகட்டையும் ஆராய்தல் வேண்டும்.

கயிற்றை மேலும் மேலும் இழுப்பதால் குற்றம் தீராது. இறுதியாகத் தொட்டது எது, அதன் தொழில் யாது என்னும் இரு வினாக்களையும் வரிசையாக எழுப்புவோர் கரையிலேயே குற்றத்தைக் கண்டுகொள்வர். பௌதிக வகுப்பில் மிதப்புவிதி கற்கும் எம் மாணவர், அவ்விதி படகின் அடியில் மட்டுமன்றி அதன் இயந்திரத்தினுள்ளும் தொழிற்படுவதை அறிந்துகொள்வாராக.