விழிப்பின் சாவி: மூளையில் ஹிஸ்டமின் ஏற்பிகள்

முன்னுரை

சளி பிடித்தால் ஒரு மஞ்சள் மாத்திரை. உடம்பு அரித்தாலும் அதே மஞ்சள் மாத்திரை. பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எவருக்கும் இந்த வைத்தியம் புதிதன்று. குளோர்பெனிரமின் என்பது அம்மாத்திரையின் பெயர். போட்ட சிறிது நேரத்தில் மூக்கொழுகல் குறைகிறது. கூடவே கண்ணும் சொருகுகிறது. மூக்கிற்குக் கொடுத்த மருந்து கண்ணை ஏன் மூட வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் படித்தேன். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்தேன். இன்று பல்கலைக்கழகத்தில் மருந்தியலை ஆங்கிலத்தில் படிக்கிறேன். ஆனால், மருந்து சாப்பிடும் என் வீட்டாருக்குத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே, இப்பாடத்தைத் தமிழிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

ஹிஸ்டமினும் அதன் ஏற்பிகளும்

ஹிஸ்டமின் நம் உடலே தயாரிக்கும் ஒரு வேதிப்பொருள். ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அது உருவாகிறது. அதன் உடலியல் விளைவுகளை 1910-இல் ஹென்றி டேலும் பேட்ரிக் லெய்ட்லோவும் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டனர். கொசு கடித்த இடம் தடிப்பதும், தூசு பட்டால் தும்மல் வருவதும் பெரும்பாலும் இதன் வேலையே.

ஹிஸ்டமினைச் சாவி என்று கொண்டால், உயிரணுவின் மேலுள்ள ஏற்பியே பூட்டு. இதுவரை நான்கு வகைப் பூட்டுகள் அறியப்பட்டுள்ளன. எச்-1 ஏற்பி ஒவ்வாமைக்கும் விழிப்புக்கும் உரியது. எச்-2 ஏற்பி வயிற்றில் அமிலத்தைச் சுரக்கச் செய்கிறது, மூளையிலும் உண்டு. எச்-3 ஏற்பி பெரும்பாலும் நரம்பணுக்களில் காணப்படுகிறது. எச்-4 ஏற்பி முக்கியமாக நோய் எதிர்ப்பு அணுக்களில் உள்ளது.

இப்பூட்டுகளை அடைக்கும் மருந்துகள் இரு நோபல் பரிசுகளோடு தொடர்புடையவை. முதல் ஹிஸ்டமின் எதிர்ப்புப் பொருளை 1937-இல் கண்டறிந்த டேனியல் போவே 1957-இல் பரிசு பெற்றார். எச்-2 ஏற்பியை அடைத்து வயிற்றுப்புண்ணை ஆற்றும் சிமெடிடினுக்கு வழிவகுத்த ஜேம்ஸ் பிளாக் 1988-இல் பரிசு பெற்றோருள் ஒருவர்.

மூளையின் விழிப்பு மையம்

முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு விந்தையான மூளைக் காய்ச்சல் பரவியது. நோயாளிகள் பலர் நாள்கணக்கில் தூங்கினர். வியன்னா மருத்துவர் எக்கொனோமோ, அவ்வாறு தூங்கி இறந்தோரின் மூளையை ஆராய்ந்தபோது ஹைப்போதாலமஸின் பின்பகுதியில் சேதத்தைக் கண்டார். விழித்திருப்பதற்கென ஓர் இடம் மூளையில் உண்டு என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

1984-இல் அதே பகுதியில் ஹிஸ்டமினைத் தயாரிக்கும் நரம்பணுக்கள் இருப்பது உறுதிப்பட்டது. மனித மூளையில் இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 64,000 என மதிப்பிடப்பட்டுள்ளது. கோடிக்கணக்கான நரம்பணுக்களுக்கு நடுவே இது கையளவுதான். ஆயினும் இவற்றின் இழைகள் மூளை முழுவதும் பரவியுள்ளன. நாம் விழித்திருக்கும்போது இவை இயங்குகின்றன, உறங்கும்போது அடங்குகின்றன.

இனி, மஞ்சள் மாத்திரைக்கு வருவோம். இரத்தத்தில் உள்ள பொருள்கள் மூளைக்குள் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டு. குளோர்பெனிரமின் போன்ற முதல் தலைமுறை மருந்துகள் அத்தடுப்பை எளிதில் கடந்துவிடுகின்றன. சாதாரண அளவிலேயே மூளையின் எச்-1 ஏற்பிகளில் ஏறத்தாழப் பாதியை இவை அடைத்துக்கொள்வதை ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூளைப் படங்களின்வழி காட்டினர். லோராடடின், பெக்சோபெனடின் போன்ற இரண்டாம் தலைமுறை மருந்துகள் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்கின்றன. அப்படியே நுழைய முயன்றாலும், தடுப்பிலுள்ள ஒரு புரதம் அவற்றில் பலவற்றை வெளியே தள்ளிவிடுகிறது.

தோட்டத்து வாழ்வில் இதன் பொருள்

என் தந்தையார் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். விடியற்காலை நாலரைக்கெல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு சுங்கைப்பட்டாணிக்குப் புறப்படுவார். காலைத் தும்மல் அவரை விடுவதில்லை. அதனால் இரவில் ஒரு மாத்திரை போடுவது வழக்கம். பெரியவர்களின் உடலில் இம்மருந்தின் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். அதாவது, இரவில் போட்ட மாத்திரை விடியற்காலையிலும் மூளையில் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இதைச் சொன்னபோது, “ஏம்மா, மூக்குக்குத்தானே மாத்திரை, அது ஏன் மூளைக்குப் போவுது?” என்று கேட்டார். பூட்டு, சாவி என்று விளக்கினேன். அடுத்த முறை கிளினிக்கில், தாம் பேருந்து ஓட்டுபவர் என்று சொல்லி, தூக்கம் வராத மாத்திரை கேட்டார், லோராடடின் கிடைத்தது.

இருட்டில் மோட்டார் சைக்கிளில் பால்மரம் வெட்டச் செல்வோருக்கும், இயந்திரத்தின் முன் நிற்போருக்கும் இச்செய்தி பொருந்தும். மதுவோடு இம்மாத்திரை சேர்ந்தால் மயக்கம் இரட்டிப்பாகும். தூக்கம் வருகிறதே என்று முதியவர்கள் இதைத் தொடர்ந்து பயன்படுத்துவதும் நன்றன்று. இது அசிட்டைல்கோலின் என்னும் வேறொரு வேதிப்பொருளின் வேலையையும் தடுப்பதால் வாய் வறட்சி, சிறுநீர் அடைப்பு, மனக் குழப்பம் ஆகியவை நேரலாம்.

எச்-3: புதிய நம்பிக்கை

தூக்கத்தைத் தரும் வழி இதுவென்றால், விழிப்பைத் தரும் வழியும் இருக்க வேண்டுமல்லவா? 1983-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் எச்-3 ஏற்பியைக் கண்டறிந்தனர். இது ஒரு பிரேக் போன்றது. ஹிஸ்டமின் மிகுந்தால் இவ்வேற்பி நரம்பணுவுக்கு “போதும்” என்று சொல்லி, சுரப்பைக் குறைக்கிறது. இந்தப் பிரேக்கை ஒரு மருந்தால் தளர்த்தினால் ஹிஸ்டமின் கூடும், விழிப்பும் கூடும்.

பிட்டோலிசன்ட் என்னும் மருந்து இவ்வழியில் பிறந்தது. பகலில் அடக்கமுடியாத உறக்கம் வரும் நார்கொலெப்சி நோய்க்கு அதனை ஐரோப்பா 2016-இலும் அமெரிக்கா 2019-இலும் ஏற்றுக்கொண்டன. ஐதராபாத்தின் சூவென் நிறுவனம் உருவாக்கிய சமெலிசன்ட் மருந்தும் எச்-3 ஏற்பியைக் குறிவைத்து அதே நோய்க்குச் சோதிக்கப்பட்டு வந்துள்ளது. ஆனால், மறதி நோய்க்கு இவ்வகை மருந்துகள் சில சோதிக்கப்பட்டபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஏற்பி ஒன்றைக் கண்டுபிடிப்பது வேறு. நோயைத் தீர்ப்பது வேறு.

முடிவுரை

வாசக நண்பர்களே, மருத்துவர் கொடுத்த மருந்தை நாமாக நிறுத்தவும் வேண்டா. தெரியாமல் விழுங்கவும் வேண்டா. “இது தூக்கம் தருமா? நான் வண்டி ஓட்டலாமா?” என்று இரண்டே கேள்விகள் கேட்போம். இரண்டாம் தலைமுறை மருந்துகளிலும் செட்டிரிசின் போன்றவை சிலருக்குத் தூக்கம் தருவதுண்டு. ஆகவே, முதல் முறை போடும்போது வீட்டில் இருக்கும் நாளாகப் பார்த்துக்கொள்வது நலம். மருந்து உறையில் மலாயில் அச்சடித்திருக்கும் எச்சரிக்கையை நம் பாட்டிமார்களுக்கு வாசித்துச் சொல்ல நமக்கு ஒரு நிமிடம் போதும்.