பழுது நாடும் நெறி

நுழையும்முன்

கணினி இணையத்தோடு இணையாதபோது பதற்றத்தில் பலவற்றையும் ஒருசேர மாற்றுவோர் உண்டு. பழுது இருக்குமிடத்தைப் படிப்படியாகத் தேடிக் கண்டறியும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாலாற்றுப் படுகையில் அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர்பெற்றவை. இன்று அங்கிருந்து சரக்கு புறப்பட வண்டி மட்டும் போதாது. 2018 ஏப்ரல் 1 முதல், ரூ.50,000க்கு மேற்பட்ட மதிப்புள்ள சரக்கை மாநிலம் கடந்து அனுப்ப, 'இ-வே பில்' என்னும் மின்னணுச் சீட்டும் வேண்டும். ஆம்பூரில் காலணி செய்யும் சிறுதொழில் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்க. வாயிலில் சரக்கு ஏற்றிய வண்டி காத்திருக்கிறது. விலைப்பட்டியலோ வீட்டுக் கணினியில் உள்ளது. கம்பிவடத்தால் இணைக்கப்பட்ட அக்கணினி இணையத்தை எட்டவில்லை.

எல்லை வகுத்தல்

திசைவியின் அருகலை வழியே கைப்பேசியில் இணையம் கிடைக்கிறதா என்று முதலில் காண வேண்டும். அப்போது கைப்பேசியின் சொந்தத் தரவு இணைப்பை நிறுத்திவைத்தல் இன்றியமையாதது. கைப்பேசியிலும் இணையம் இல்லையெனில், பழுது திசைவியிலோ வெளியிலிருந்து வரும் தடத்திலோ இருக்கலாம். கைப்பேசியில் இணையம் கிடைத்தால், திசைவிக்கும் கணினிக்கும் இடையிலோ கணினியிலோ தேடினால் போதும்.

கம்பியும் விளக்கும்

வடத்தைச் செருகும் துளையருகே சிறு விளக்குகள் இருக்கும். அவை ஒளிராவிடில் வடத்தையே முதலில் ஐயுற வேண்டும். அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. செருகியின் நெகிழிக் கொக்கி முறிந்தால் தொடர்பு தளரும். வடத்தை இருபுறமும் அழுத்திச் செருகுதல், திசைவியின் வேறு துளையில் இணைத்தல், வேறொரு வடத்தை இட்டுப் பார்த்தல் ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும்.

முகவரியும் பெயரும்

விளக்கு ஒளிர்ந்தும் இணைப்பு இல்லையெனில், கணினி பெற்றுள்ள எண் முகவரியை நோக்க வேண்டும். அது 169.254 எனத் தொடங்கினால், திசைவியிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். அந்நிலையில் திசைவியை அணைத்து மீண்டும் இயக்கலாம். முகவரி சரியாக இருந்து, எண்ணால் அழைத்த தளம் மறுமொழி தந்து, பெயரால் அழைத்த தளம் மட்டும் கிடைக்காவிடில், பழுது பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் உள்ளது.

வரிசையின் சிறப்பு

ஊறவைத்தல், சுண்ணாம்பிடல், மயிர் நீக்கல், பதனிடல் என வரிசையாக நிகழ்வது தோல் தொழில். முன்நிலையில் நேர்ந்த குறையைப் பின்நிலையில் பூசும் வண்ணம் போக்காது. வலையமைப்பும் அத்தகையதே. கம்பியில் உள்ள பழுதை மென்பொருளை மாற்றித் தீர்க்க இயலாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது பழுது என்பது விளங்கும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் பழைய பழுது மறைந்து புதிய பழுது தோன்றவும் கூடும்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் காட்டும் நெறி. அக்குடும்பம் வடத்தை மாற்றியதும் விளக்கு ஒளிர்ந்து இணையம் கிடைத்துவிட்டால், வேறெதையும் தொட வேண்டுவதில்லை. சீட்டு உருவாகும், வண்டி புறப்படும். எங்கே நிறுத்துவது என்று அறிதலும் பழுது நீக்குவோர்க்கு வேண்டிய அறிவாகும்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டில் பழுதடைந்த பொருள் ஒன்றைத் தேர்ந்து, அதன் பழுதைக் கண்டறியும் படிநிலைகளை வரிசைப்படுத்தி எழுதுக.