கையில் காசும் தலைக்கு மேல் கூரையும்



ஜும்ஆ தொழுது வெளிவரும்போது பள்ளிவாசல் வாயிலில் கைநீட்டுவோருக்குச் சில்லறை கொடுக்கிறோம். கொடுத்ததும் நம் உள்ளம் நிறைந்துவிடுகிறது. வாங்கியவர் அன்றிரவு எங்கே படுக்கிறார் என்று நாம் கேட்பதில்லை.

இரு குழந்தைகளுடன் மதிலோரம் அமரும் ஒரு விதவைத் தாய் நம்மிடம் கேட்டுவிட்டார்: "ஹஜ்ரத், காசு கெடைக்குது. மழை வந்தா புள்ளைங்கள எங்கே படுக்க வைக்கிறது?" நம்மிடம் பதில் இல்லை. நம் நாட்டில் வீடற்றோர் 17 லட்சத்துக்கும் மேல் என்று 2011 மக்கள் கணக்கெடுப்பு கூறுகிறது. அத்தனை பேரின் கேள்வியும் இதுதான்.

நபி (ஸல்) அவர்களின் மதீனாவிலும் வீடற்றோர் இருந்தனர். ஹிஜ்ரத் செய்து வந்தவர்களை அன்ஸாரிகளோடு சகோதரர்களாக இணைத்து, வீடுகளில் இடம் கிடைக்கச் செய்தார்கள். அதன் பின்னும் இடமில்லாதவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூரையிட்ட திண்ணை ஒன்று இருந்தது. அவர்களே திண்ணைத் தோழர்கள். மேலாடைகூட இல்லாத எழுபது பேரை அவர்களிடையே கண்டதாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். இருவருக்கு உணவுள்ளவர் மூன்றாமவரை அழைத்துச் செல்லட்டும் என்பதும் அவர்களுக்காக இடப்பட்ட கட்டளையே. அன்றைய பசிக்கு உணவு, இரவுக்குக் கூரை ஆகிய இரண்டும் அங்கே இருந்தன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை விடவில்லை.

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் அதை வசூலிக்கும் ஊழியரையும் அல்லாஹுத் தஆலா சேர்த்துள்ளான் (9:60). சில்லறையாகச் சிதறாமல், திரட்டி முறையாகப் பங்கிடும் ஏற்பாடு மார்க்கத்திலேயே உள்ளது என்பதற்கு இதுவே சான்று.

ஜகாத் பணத்தில் பொது விடுதி கட்டலாமா என்று சிலர் கேட்கலாம். ஏழைக்கு அதை உரிமையாக்கிக் கொடுப்பது ஹனஃபீ மத்ஹபில் நிபந்தனை. எனவே கட்டடத்துக்கு ஸதகாவும் வக்ஃபும் உள்ளன. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் விற்கவோ வாரிசுரிமையாக்கவோ முடியாதபடி நிறுத்திவைத்து, அதன் விளைச்சலை ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் விட்டார்கள். கொடுத்தவர் மறைந்தாலும் அத்தகைய தர்மம் மறைவதில்லை.

ஜகாத்தைத் தனி ஏழையின் கையில் நிறைவாகக் கொடுக்கலாம். தொழில் தெரிந்தவருக்கு அதற்குரிய கருவிகளும், வியாபாரிக்கு முதலும் கொடுக்கலாம் என்றும், ஏழையின் ஆயுளுக்குப் போதுமான அளவு கொடுக்கலாம் என்றும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) எழுதியுள்ளார்கள். நூறு வீட்டார் நூறு இடங்களில் பிரித்துக் கொடுக்கும் ஜகாத்தில் ஒருவர்கூட நிமிர்வதில்லை. அதுவே ஒன்றுசேர்ந்தால் அத்தாயின் வாடகை முன்பணமும் ஒரு தையல் இயந்திரமும் ஆகும்.

ஆகவே ஒவ்வொரு மஹல்லாவும் முதலில் தன் எல்லைக்குள் இரவில் வெளியில் உறங்குவோரைக் கணக்கெடுக்கட்டும். ஜமாஅத்தில் பைத்துல்மால் அமைத்து ஆண்டுக்கு ஒரு குடும்பத்தையாவது கூரைக்கடியில் சேர்க்கட்டும். வாயிலில் கொடுக்கும் சில்லறையையும் நிறுத்த வேண்டாம். அடுத்த வேளைப் பசி ஆண்டுக் கணக்கு முடியும்வரை காத்திருக்காது.

அந்தத் தாய்க்கு நாம் தரும் பதில் செயலாக இருக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.