முனியறையைப் பார்த்துவிட்டு வந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

மறையூர் முனியறையில் இருந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை பனியன் கம்பெனிக்கு லீவு விட்டால் உடுமலை வழியாக மூணாறுக்கு வண்டி விடும் பையன்கள் பலர். நடுவில் அந்தப் பாறையில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீ கேள்வியோடு இறங்கி வந்திருக்கிறாய். உள்ளூரில் இதற்கு இரண்டு பதில் உண்டு. வனவாச காலத்தில் பாண்டவர்கள் வந்து மறைந்திருந்த ஊர் இது, அவர்கள் தங்கிய கல்வீடுகள் இவை என்பது ஒன்று. முனிவர்கள் உட்கார்ந்து தவம் செய்த அறைகள் என்பது மற்றொன்று. தொல்லியல் நூல்களில் மூன்றாவது பதில் இருக்கிறது: பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்காக எடுத்த கல்திட்டைகள் இவை. நான் உனக்குச் சொல்ல வருவது இந்த மூன்றையும் தாண்டிய ஒன்று. அந்த மலையில் ஓர் ஊர் இருந்திருக்க வேண்டும். அதன் இடுகாடு மட்டும்தான் நம் கண்ணுக்கு மிஞ்சியிருக்கிறது. ஊரைத் தேட வேண்டுமென்றால் அந்தக் கதைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் கூடாது, கட்டுக்கதை என்று ஒதுக்கவும் கூடாது. சாட்சிக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும்.

அது வீடில்லை என்று எப்படிச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்குவோம். பக்கங்களில் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், பெரும்பாலும் ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். குடும்பம் நடத்த ஏற்ற இடமில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துச் சமாதி என்று முடிவுகட்டினால் அது அவசரம். வெறும் பாறைமேல் கட்டியவை ஆதலால் உள்ளே வைத்தவை மழைக்கும் காற்றுக்கும் புதையல் தேடியவர் கைக்கும் எளிதாகப் போய்விடும். காலியான அறை எதையும் நிரூபிக்காது. மண்ணுக்குள் பத்திரமாகக் கிடந்த அதன் சொந்தங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு நீ வெகுதூரம் போகவேண்டியதில்லை. திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கம், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் அங்கே அகழாய்வு செய்தன. மண்ணுக்கடியில் பலகைக்கல்லால் கட்டிய அறைகள்; அவற்றில் எலும்பு, கருப்பு-சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள்; ஒரே ஈமக்குழியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள். கட்டுமானக் கருத்து முனியறையில் உள்ளதேதான், இது மண்ணுக்குள்ளும் அது பாறைமேலும் இருப்பதுதான் வேறுபாடு. பாறையில் குழி வெட்ட முடியாதவர்கள் அறையை மேலே எடுத்தார்கள். எரிப்பது முதல் தாழியில் வைத்து மூடுவது வரை ஐந்து வகை அடக்கமுறைகளை மணிமேகலை சொல்கிறது. ஒரே காலத்து மக்கள் பல முறைகளைக் கையாண்டார்கள் என்பதற்கு அது போதும்.

கொடுமணலைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே ஈமக்காட்டின் பக்கத்திலேயே ஊரும் கிடைத்தது. இரும்பு உருக்கிய உலை, மணிகளுக்குத் துளையிட்ட பட்டறை, தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்ற சுடுமண் தக்களி. செத்தவர்கள் கிடந்தால் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் இருந்திருப்பார்கள் என்பது அங்கே வெறும் ஊகமாக நிற்கவில்லை, தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. மறையூருக்கும் இந்தக் கணக்கைப் போடலாமா என்பதுதான் கேள்வி. லோடு கப்பலேறிப் போன பிறகும், மூட்டையாகக் கிடக்கும் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்து என்ன துணி, என்ன கலர் ஓடியது என்று நீ சொல்லிவிடுவாய் அல்லவா? போடலாம் என்கிற என் கட்சி அந்த மாதிரியானது.

இனி கதைக்கு வருகிறேன். முனிவர், பாண்டவர் என்று ஊர்தோறும் ஒரே கதையைத்தானே சொல்கிறார்கள், அதற்கென்ன மதிப்பு என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் கதை ஊருக்கு ஊர் மாறுகிறது. கர்நாடகத்தில் கொப்பள் மாவட்டத்து ஹிரேபெனகல் மலையில் நானூறு அளவில் பெருங்கற்சின்னங்கள் நிற்கின்றன. உள்ளூர்க்காரர்கள் அதை மோரியர் குன்று என்கிறார்கள். மோரியர் உருவத்தில் குள்ளர், வலிமையில் பெரியவர் என்பது கதை. நெதர்லாந்தில் ட்ரெந்தெ என்ற மாகாணத்திலும் இப்படிக் கல்லறைகள் உண்டு. பெயரே அரக்கர் படுக்கை என்ற பொருளில் வழங்குகிறது. 1660-இல் யோஹான் பிகார்ட் என்ற பாதிரியார், அரக்கர்கள் கட்டியவைதான் என்று புத்தகமே எழுதினார். இங்கே குள்ளர், அங்கே அரக்கர். ஏன் என்று யோசித்துப் பார். அங்கே பார்த்தவன் மூடுகல்லின் எடையைப் பார்த்தான், அதைத் தூக்கியவன் எத்தனை பெரியவனோ என்று வியந்தான். இங்கே பார்த்தவன் அறையின் உயரத்தைப் பார்த்தான், இதற்குள் குடியிருந்தவன் குள்ளனாக இருக்க வேண்டும் என்றான். மறையூர்க்காரர் அதே உயரத்தைப் பார்த்து, உட்கார்ந்தே இருக்கும் முனிவர் என்றார்கள். என் பார்வையில் மூன்றிலும் கெட்டிக்காரத்தனமான விடை அதுதான். அந்தக் கதைகளைச் சொன்னவர்கள் கண்ணால் கண்ட அளவிலிருந்து கணக்குப் போட்டவர்கள். முடிவு தவறாக இருக்கலாம், கவனித்தது தவறில்லை.

கதை இன்னொன்றையும் சொல்கிறது. அதை நான் அதிகம் மதிக்கிறேன். யாரும் அந்தக் கற்களைத் தம் பாட்டன் கட்டியது என்று உரிமை கொண்டாடவில்லை. மறையூரைச் சுற்றியுள்ள அஞ்சுநாட்டு ஊர்க்காரர்கள் தமிழ்ச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த மலைப் பழங்குடிகளான முதுவர்களின் மரபும் மதுரையிலிருந்து வந்ததாகவே பேசுகிறது. சொந்த மூதாதையர் கல்லாக இருந்தால் படையலும் விளக்கும் நின்றிருக்கும், பாண்டவர் பெயர் தேவைப்பட்டிருக்காது. ‘இது எங்களுடையது இல்லை, நாங்கள் வரும்போதே இருந்தது’ என்பதை மரியாதையாகச் சொல்லும் வழிதான் முனிவர் கதை என்று எடுத்துக்கொள். கட்டியவர்களுக்கும் இப்போது இருப்பவர்களுக்கும் நடுவே ஓர் அறுபடல் இருக்கிறது. ஊர் தொலைந்தது அந்த இடைவெளியில்தான்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மலையில் யாரும் குடியிருக்கவில்லை, சமவெளி மக்கள் பிணத்தையோ எலும்பையோ மேலே சுமந்து வந்து வைத்தார்கள், ஆகவே தொலைந்த ஊர் என்ற பேச்சே வீண் என்பார்கள். உயரமான இடத்தைப் புனிதமாக நினைத்த மக்கள் உலகெங்கும் உண்டு என்பதால் இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஆனால் நிலத்தைப் பார். பாம்பாறு அந்தப் பள்ளத்தாக்கு வழியே கிழக்கே ஓடி, அமராவதியாகி, உன் மாவட்டத்து வயல்களில் பாய்கிறது. தண்ணீரும் விளையும் நிலமும் உள்ள பள்ளத்தாக்கு அது. இன்றும் கரும்பு விளைகிறது. அங்கே அட்டளை, எழுத்துக் குகை என்ற இடங்களில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. பிணம் சுமந்து வந்து இறங்கிப்போகிறவர்கள் அந்தக் காட்டில் அத்தனை ஓவியம் தீட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள். கல் பிளந்து, நகர்த்தி, தூக்கி வைக்க ஆள்கட்டு வேண்டும். அத்தனை பேருக்கும் சோறு பக்கத்திலிருந்து வர வேண்டும். ஹிரேபெனகல்லில் மலைமேலேயே மக்கள் புழங்கிய இடத்தை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கல் எடுத்த பள்ளமே குளமாகியிருக்கிறது. மலையில் சமாதி உண்டு, வாழ்வு இல்லை என்பது பொதுவிதி ஆகாது.

அப்படியானால் மறையூரின் வீடுகள் எங்கே? என் பதில் எளிமையானது: நல்ல மண்ணில். மண்சுவர், மூங்கில், புல்கூரை; இவை கல்லைப்போல் நிற்பவை இல்லை. வாழ்ந்தவர்கள் தேர்ந்தெடுத்த நல்ல நிலத்தைத்தான் பின்னால் வந்தவர்களும் தேர்ந்தெடுத்து உழுதார்கள். யாருக்கும் வேண்டாத வழுக்குப்பாறையில் நின்ற கல்லறைகள் பிழைத்தன. ட்ரெந்தெயிலும் இதே கதைதான், கல்லறைகள் ஐம்பதுக்கு மேல், கட்டியவர்களின் வீடுகளோ மிக அரிது. உழவும் கட்டடமும் தொடாத இடத்தில் முறையாகத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை சாட்சி. 2021-இல் அங்கே தொல்லியல் துறை தோண்டிய வாழ்விடத்து மண்ணடுக்கில் கிடைத்த கரி, இரும்பின் காலத்தைக் கி.மு. 2172-க்குக் கொண்டுபோனது, 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். மலையடிவாரத்து மண்ணில் சில அடி ஆழம், அவ்வளவுதான்.

ஆகையால் தம்பி, அடுத்த தடவை போகும்போது மூடுகல்மேல் ஏறாதே, சாய்ந்த பலகையை நிமிர்த்தி வைக்கவும் முயலாதே; அது சாய்ந்த திசையும் ஒரு தடயம். பாறையை விட்டு இறங்கி, தோட்டத்து வரப்பில் நடந்து பார். அங்குள்ள பெரியவர்களிடம் கதை கேள். கதையைவிட முக்கியமாக, எந்த வயலில் உழும்போது ஓடு அதிகம் வருகிறது என்று கேள். ஓட்டைப் பாக்கெட்டில் போடாதே, இடத்தைக் குறித்துக்கொள். இது மறையூருக்கு மட்டுமில்லை. ஊத்துக்குளிப் பக்கம் குமரிக்கல்பாளையத்தில் நெடுங்கல் நிற்கிற பூமி உன்னுடையது. புது ஷெட்டுக்கும் சாயப்பட்டறைத் தொட்டிக்கும் தினமும் பொக்லைன் இறங்குகிற பூமியும் அதுதான். ட்ரெந்தெக்காரர்கள் 1734-லேயே அந்தக் கற்களை எடுக்கக் கூடாது என்று ஆணை போட்டுவிட்டார்கள். நமக்கும் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். அது இன்னும் நடப்பில் இருக்கிறது.

அன்புடன்,
உன் அண்ணன்