வலி வந்ததும் நடக்கலாமா?

திண்டுக்கல்

அன்பு மருமகளுக்கு,

வளைகாப்பு முடிந்து திருப்பரங்குன்றத்துக்குப் போய்விட்டாய். வலி கண்டதும் நடக்கணுமா, படுக்கணுமா என்று கேட்டிருந்தாய். நட. ஆனால் நேர்த்திக்கடன் மாதிரி நடக்காதே.

தலைப்பிரசவத்தில் ஆரம்ப வலி மணிக்கணக்கில் இழுக்கும். கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவம் வேகம் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமே 2018இல் வரையறுத்திருக்கிறது. அதுவரை மல்லாந்து கிடந்தால் வயிற்றின் கனம் முதுகுப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். உனக்குத் தலை சுற்றும், பிள்ளைக்கும் ரத்த ஓட்டம் குறையும். நிமிர்ந்து நடமாடினால் பிள்ளையின் தலை இறங்க வழி கிடைக்கும். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், நிமிர்ந்தும் நடந்தும் இருந்தவர்களுக்கு பிரசவத்தின் முதல் கட்டம் சுமார் 1 மணி நேரம் 20 நிமிடம் குறைந்தது. அதற்காக, நடந்தால் சுகப்பிரசவம் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதே. பிரசவ வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள் சொல்கிறேன்.

தெருவில் யாராவது கிரிவலம் போகச் சொல்வார்கள். வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் வலி கூடினால் எப்படித் திரும்புவாய்? வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடந்தால் போதும். வலி வரும்போது நின்று, சுவரிலோ அம்மா தோளிலோ சாய்ந்து மூச்சை மெல்ல விடு. கால் ஓய்ந்தால் ஒருக்களித்துப் படு. ராத்திரி என்றால் தூங்கப் பார். முக்குவதற்குத் தெம்பு வேண்டும். இட்லி, கஞ்சி, இளநீர் எது இறங்குகிறதோ சாப்பிடு. சூட்டு வலிக்குச் சீரகத் தண்ணீர் தருவாள் உன் அம்மா, குடி. நிஜ வலி அதற்கு அடங்காது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் என்று ஒரு மணி நேரம் வலி வந்தால் கிளம்பு. பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ, வலி விடாமல் பிடித்தாலோ நடையெல்லாம் கிடையாது. ஒருக்களித்துப் படுத்து 108ஐக் கூப்பிடச் சொல். பிரஷர், நஞ்சுக்கொடி இறக்கம் என்று டாக்டர் நடக்க வேண்டாமென்றிருந்தால் அவர் சொல்தான் கணக்கு. முகூர்த்த நாளாக இருந்தால் சன்னதித் தெருவில் கல்யாண வண்டிகள் வழிவிடாது, முன்கூட்டியே புறப்படு.

வார்டிலும் நடக்கலாமா என்று நர்ஸிடம் கேள், கூச்சப்படாதே. பையில் வழுக்காத ரப்பர் செருப்பு வை. அங்கே தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

அத்தை