வாசலோரம் ஒரு வெட்டிவேர்ப் புதர்

அழகுக்குப் புல் வளர்க்க நினைப்பவர்கள் வெளிநாட்டுப் புல்லைத் தேட வேண்டாம். ஆள் உயரம் வளர்ந்து, காற்றில் அசையும் வெட்டிவேரே போதும். நம் மண்ணின் புல், நம் வெயிலுக்குப் பழகியது.

விதை தேடாதீர்கள். தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். இலையை ஒரு சாணுக்கும், வேரை இரண்டு அங்குலத்துக்கும் நறுக்கி, இரண்டு மூன்று கன்றுகளைச் சேர்த்து ஊன்றுங்கள். மழை தொடங்கும் காலம் நல்லது. வேலியாக வேண்டுமென்றால் அரையடி இடைவெளி.

வேர் பிடிக்கும்வரை தண்ணீர் தவறக் கூடாது. பிறகு வறட்சியையும் சில நாள் தேங்கும் மழைநீரையும் தாங்கும். நிழலை மட்டும் தாங்காது. மரத்தடியில் வைத்தால் மெலிந்து சாய்ந்துவிடும்.

மாடியில் வளர்ப்பவர்கள் தொட்டியைப் பெரிதாக எடுங்கள். தரையில் பத்தடிக்கும் கீழே போகக்கூடிய வேர் இது. சின்னத் தொட்டியைச் சீக்கிரம் நிறைத்து, புல்லை மஞ்சளாக்கிவிடும். உயரமான பையோ பழைய டிரம்மோ சரி. மணலைத் தாராளமாகக் கலந்தால் வேரை அறுபடாமல் எடுக்கலாம். கடலூர் மாவட்டத்துக் கடலோர மணலில் இது நன்றாக விளைவதும் அதனால்தான்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டுங்கள், புதர் அடர்ந்து வரும். இலை ஓரம் கீறும், கையுறை அவசியம். வெட்டிய தழை செடிகளுக்கு மூடாக்கு.

வேருக்கு ஒன்றேகால் ஆண்டாவது பொறுங்கள். கழுவி நிழலில் உலர்த்தி, ஒரு பிடியைப் பானைத் தண்ணீரில் போடலாம்.